தேய்மானம் யாருடையது

அளந்து கொடுப்பவன் துணை

மாணவர் விடுதி, அறை எண் 11
ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நம் சலவைக்கூடமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது. சென்ற வாரம் பாதியில் நீ வைத்தாயா, நான் வைத்தேனா என்பதுகூடத் தெரியவில்லை. ஆகவே இனி எழுத்து.

ஐம்பத்தொன்பது வயதில் மேலாண்மைப் பள்ளிக்கு வந்தவனைப் பார்த்து முதல் வாரம் எல்லாரும் எழுந்து நின்றார்கள், பேராசிரியர் என்று நினைத்து. இப்போது "பெரியவரே, இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்கிறார்கள். அடக்க விலை தெரியாமல் ஒரு தங்கும் விடுதிக்கு ஓராண்டு முழுவதும் நட்டத்தில் துவைத்துக் கொடுத்தவன் நான். அந்த வெட்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது. அதை உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

பாடத்தின் பெயர் மேலாண்மைக் கணக்கியலும் கட்டுப்பாடும். மற்றக் கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்லும். இது, அடுத்து எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று சொல்லும். சொல்லித்தரும் பேராசிரியை உன்னைவிடப் பத்து வயது இளையவர். "ஒரு செலவு யாரால உண்டாச்சோ அவங்களைத் தேடிப் போய்ச் சேரணும்" என்றார் முதல் நாளே. நான் எழுந்து, வினையைப் பற்றி ஆன்றோர் பாடிவைத்ததும் இதுவே என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, நான் சொன்னதைப் பலகையில் எழுதினார்.

ஒவ்வொருவரும் ஒரு நிறுவனத்தைப் பிரிவு பிரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். நான் நம்முடைய சென்ற ஆண்டுக் கணக்கின் நகலை எடுத்து ஆராய்ந்தேன். என் பொறுப்பிலுள்ள சலவைப் பிரிவு முதலிடத்தில் நிற்கிறது. நான் வாங்கிவைத்த புதிய வெளுப்பு மருந்தால் ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் மிச்சமாகிறது. இஸ்திரிப் பிரிவு தன் காலில் நிற்கிறது. உன் தையல் அறை மட்டும் நட்டம், சிறு நட்டமன்று. உன் இயந்திரங்கள் அளவுக்கு மீறித் தேய்ந்துபோயிருக்கின்றன. பராமரிப்பு இல்லாமல் இப்படி ஆகாது. குறையாகச் சொல்லவில்லை, கணக்கு சொல்வதைச் சொல்கிறேன்.

இம்மாதம் முப்பதாம் தேதியோடு தையல் அறையை மூடுகிறோம். அறுவருக்கும் மூன்று மாதக் கூலி கொடுத்து மரியாதையோடு அனுப்பலாம். கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுப்பதற்குப் பதில், நம்மிடம் துவைக்கத் தரும் மருத்துவமனைகளுக்கு விலையைக் கொடுத்துவிடுவோம். இஸ்திரிக் கூடத்தின் மேற்பார்வை உனக்கு. உத்தரவை இத்துடன் இணைத்திருக்கிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடு.

என் அறிக்கைக்கு வகுப்பில் முதலிடம். இருபத்தெட்டாம் தேதி பேரவைக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் படிக்கவேண்டும்.

உன் அண்ணன்


அளக்காமல் கொடுப்பவன் துணை

தையல் அறை
ஜூன் 9

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் உத்தரவு வந்தது. பலகையில் ஒட்டவில்லை. பசை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மறைத்துவைக்கவும் இல்லை. என் மேல் நம்பிக்கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு முப்பதாம் தேதி காலையில் சொல்வது முறையாகாது. அறுவரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஊசிக்கண் என்று நாம் கூப்பிடுகிற அந்த மூத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏம்மா, நாம இங்க தைச்சுக்கிட்டிருக்கோம், பெரியவர் அங்க உக்காந்து நம்மளைப் பிரிச்சுட்டாரா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து முகம் கழுவப் போனாள், வெகுநேரம் வரவில்லை.

இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை தோறும் ஏழு இயந்திரத்தையும் பிரித்து, பஞ்சடைந்த பல்லைத் துடைத்து, எண்ணெய் விட்டு மூடுகிறவள் நான். பதினாறு ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. என் கல்யாணத்துக்கு வந்த சீரைக்கூட நான் இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டதில்லை. நீங்கள் கடைசியாக இந்த அறைக்குள் வந்தது, வடக்கு ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது. அதுவும் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன். போன வருடம் இந்நேரம் நாளுக்கு இருபத்தைந்து கிழிசல் விரிப்பு இந்த அறைக்கு வந்தது. அதில் இரண்டு தைத்தாலும் தேறாது. இப்போது அறுபது வருகிறது, பதினொன்று தேறாது. மருந்து கடுமை, நூல் வெந்துபோகிறது என்று சலவை மேஸ்திரியிடம் மூன்று முறை சொன்னேன். "பெரியவர் வாங்கி வெச்சது, நான் என்னம்மா பண்ண? நேரம் மிச்சமாகுதுன்னு அவர்தான் மெச்சிக்கிறாரு" என்கிறார்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? நம் கையில் கிழிந்ததைத் தைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது அதன் விலையைக் கொடுக்க வேண்டும். இந்த அறையை மூடினால் நாளுக்கு அறுபது விரிப்புக்கும் விலை கொடுப்பீர்களா? இதைக் கணக்கிட மேலாண்மைப் பள்ளி வேண்டாம். பத்து விரல் போதும். ஆறு தடவை மடக்கினால் வந்துவிடும்.

எந்த எண்ணைப் பார்த்து எங்களை நட்டம் என்றீர்கள்? எழுதி அனுப்புங்கள். அதுவரை அறை திறந்திருக்கும்.

தங்கை


அளந்து கொடுப்பவனே துணை

மாணவர் விடுதி
ஜூன் 14

தங்கைக்கு,

கடிதத்தின் தலைப்பிலேயே சண்டைக்கு வருகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. புரிவதனால் முடிவு மாறிவிடாது. பாசத்தையும் கட்டுப்பாட்டையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டும் கெடும். கிழிசல் பெருகியது உண்மையாயிருக்கலாம். அதற்காக மருந்தின் மேல் பழியைப் போடுகிறாயே, ஆதாரம் எங்கே? கணக்கில் ஓர் எழுத்தாவது அப்படி இருக்கிறதா? இருபத்தைந்து அறுபதானதைத்தான் நானும் கேட்கிறேன்: கை தளர்ந்த இயந்திரம் தைத்தால், தைத்தது மறுபடியும் பிரிந்து உன்னிடமே திரும்பி வராதா?

எண்ணைக் கேட்டாய். அறிக்கையில் உள்ளபடியே தருகிறேன். தையல் அறைப் பக்கத்தில் நான்கு வரிகள். கூலி, நூல், மின்சாரம், தேய்மானம். முதல் மூன்றும் சேர்ந்ததைவிட நான்காவது பெரிது. ஏழு தையல் இயந்திரங்களுக்கு ஓராண்டில் இவ்வளவு தேய்மானம் எழுதப்பட்டிருக்கிறது என்றால், ஒன்று அவை பாழாய்ப்போயிருக்க வேண்டும்; அல்லது கணக்கர் பல ஆண்டுகளுக்கு உரியதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். எதுவாயினும் அறையின் தலையில்தான் விழும். பேராசிரியையும் கேட்டார்: "இந்த வரி கொஞ்சம் அதிகமா இல்லையா பெரியவரே?" "அதிகம்தான். அதனாலதானே மூடச் சொல்றேன்" என்றேன்.

முப்பதாண்டு இந்தக் கூடத்தை நடத்தியவன் நான். எனக்குத் தெரியாதது அங்கே ஒன்றும் நடந்துவிடாது.

காலியாகும் இடத்தில் மூன்றாவது உலர்த்தியை வைக்கப்போகிறேன். இருபதாம் தேதி அளவெடுக்க ஆட்கள் வருவார்கள். மேஸ்திரிக்குத் தனியே எழுதிவிட்டேன். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடு.

அண்ணன்


இருவரையும் பார்த்துச் சிரிப்பவன் துணை

தையல் அறை
ஜூன் 20

அண்ணா,

உங்கள் கடிதத்தை நேற்று மதியம் கணக்கர் மேசைக்கு எடுத்துப்போனேன். நான்காவது வரியைப் படித்துக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார்.

"இயந்திரத் தேய்மானமா? யாரு சொன்னா?"

"அண்ணன்தான் எழுதியிருக்கார்."

"அய்யோ, அது துணித் தேய்மானம் ஆச்சே! உங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தாம்மா எழுதுறோம். தேஞ்சுபோயி தைக்க முடியாத விரிப்புக்கு ஆஸ்பத்திரிக்கு நாம விலை கட்டுறோம்ல, அந்தப் பணம். தேறாததை எண்ணிக் கழிக்கிறது உங்க அறையில, அதனால உங்க பக்கத்துல எழுதுறேன். பெரியவருக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்!"

"இயந்திரத்துக்கு உள்ளது எங்கே?"

"அது எல்லாப் பிரிவுக்கும் சேத்துக் கடைசிப் பக்கத்துல இருக்கு. உங்க ஏழு மெஷினும் என்னிக்கோ முழுசாக் கழிஞ்சுபோச்சு. கணக்குப்படி அதுக்கு இப்ப மதிப்பே இல்ல. ஓடறது உங்க புண்ணியம்."

அண்ணா, நான் நின்ற இடத்திலேயே சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. உங்கள் பாடத்தில் தேய்மானம் என்றால் இயந்திரம் தேய்வது. அப்பாவின் ஏட்டில் துணி தேய்வது. அந்தத் தொகையில் ஏழல்ல, நாற்பது புதுத் தையல் இயந்திரம் வாங்கலாம். அப்படியும் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. முப்பதாண்டு நடத்தினீர்கள், அந்த ஒரு பக்கத்தைத் திறந்ததில்லை. திறந்தவுடன் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

மருந்துக்கு ஆதாரம் கேட்டீர்களே. அதே வரிதான் ஆதாரம். மாதவாரியாக எடுத்துப் பார்த்தோம். புது மருந்து வந்த மாதம் வரை ஒரே மட்டம்; அதற்கடுத்த மாதம் ஒன்றரை மடங்கு; ஆறாம் மாதம் ஐந்து மடங்கு. இத்துடன் ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். நேற்றுத் தேறாமல் போன விரிப்பிலிருந்து வெட்டியது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெடுக்கே ஓடும் பாவு நூல் நிற்கிறது, குறுக்கே ஓடும் ஊடை நூல் கரைந்துவிட்டது. ஊசி குத்தினால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இயந்திரத்தின் கை தளர்ந்து இப்படி ஆகாது.

செலவு தன்னை உண்டாக்கியவரைத் தேடிப் போய்ச் சேரவேண்டும் என்று எழுதினீர்கள். வழி தெரியாமல் என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. முகவரியைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலை அளவெடுக்க இருவர் வந்தார்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "வேலை நடக்குது, இன்னொரு நாள் பாக்கலாம்" என்று அனுப்பினேன். உங்கள் வார்த்தையைத் தட்டியது இதுவே முதல் தடவை. அடுத்த முறை வந்தாலும் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும்.

இருபத்தெட்டாம் தேதி மேடையில் என்ன படிப்பீர்களோ, அது உங்கள் பாடு, உங்கள் மதிப்பெண். என் அறுவருக்கு முப்பதாம் தேதிக்குள் ஒரு வரி வேண்டும். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது என்று, உங்கள் கையெழுத்தோடு. தொலைபேசியில் சொன்னால் ஏற்கமாட்டேன்.

தங்கை


பிழை பொறுப்பவன் துணை

மாணவர் விடுதி
ஜூன் 28, மாலை

என் அன்புத் தங்கைக்கு,

முதலில் நீ கேட்ட வரி. தையல் அறையை மூடுமாறு ஜூன் நான்காம் தேதி நான் எழுதிய உத்தரவு பிழையானது. அது திரும்பப் பெறப்படுகிறது. கையெழுத்திட்ட தாள் தனியே உள்ளது. விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். நாளை உன் கையில் இருக்கும். இதைப் பலகையில் ஒட்டு. பசை கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது, உன் இயந்திரங்களைப் பற்றி நான் எழுதியது பொய். அறியாமல் சொன்ன பொய், ஆயினும் பொய். பதினாறு ஆண்டுச் சனிக்கிழமைகளை ஒரு வரியில் இல்லையென்றாக்கினேன். மன்னித்துக்கொள்.

நீ அனுப்பிய துணி நான்கு நாள் என் மேசையில் கிடந்தது. முதல் நாள் அதைப் பார்த்துக் கோபப்பட்டேன். இரண்டாம் நாள் உன் மாதவாரிக் கணக்கில் தவறு தேடினேன், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், அறிக்கையைத் திருத்தாமல் படித்துவிட்டு உத்தரவை மட்டும் சத்தமில்லாமல் திரும்பப் பெறலாமா என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது, இருந்தாலும் உனக்குத் தெரியவேண்டும். நான்காம் நாள் காலை வழிபாட்டில் உட்கார்ந்தேன். நாவில் நாள்தோறும் தானாக வருகிற வரிகள் வரவில்லை. எழுந்து அறிக்கையைக் கையில் எடுத்தேன்.

இன்று கூடம் நிறைந்திருந்தது. பழைய அறிக்கையை முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்தேன். கைதட்டினார்கள். தட்டி முடித்ததும், "இப்ப கேட்டது அத்தனையும் தப்பு" என்றேன். பிறகு அந்தத் துணியை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டி, ஒரு சொல் இரண்டு ஏட்டில் இரண்டு பொருள் கொண்ட கதையைச் சொன்னேன். அந்தத் தொகையைப் பலகையில் தையல் அறையின் கணக்கிலிருந்து எடுத்துச் சலவைப் பிரிவின் கணக்கில் எழுதினேன். முதலிடத்தில் இருந்த என் பிரிவு எல்லார் கண்ணெதிரிலும் கீழே இறங்கியது. தையல் அறை நாளுக்கு நாற்பத்தொன்பது விரிப்புகளின் விலையை மிச்சப்படுத்துகிறது என்பதையும் எழுதினேன். அந்த வரி முன்பு எந்த ஏட்டிலும் இருந்ததில்லை.

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "சார், அப்ப உங்க பிரிவைத்தான் மூடணுமா?"

"மூடலாம்மா. ஆனா சலவைக்கூடத்துல சலவையை மூடிட்டா, பேர்ப்பலகைக்கு வேற வேலை தேடணும்."

பேராசிரியை கேட்டார்: "பெரியவரே, நேத்தே எங்கிட்ட சொல்லியிருந்தா மாத்தி எழுத விட்டிருப்பேனே?"

"சொல்லியிருந்தா நீங்க ஒருத்தர்தான் கேட்டிருப்பீங்க. என் தப்புத் தீர்ப்புக்கு முதலிடம்னு இத்தனை பேருக்கும் தெரியுமே, திருத்தத்தையும் இவங்க கேக்க வேணாமா?"

முதலிடம் போயிற்று, நான்காமிடம். அவருடைய குறிப்பு ஒரே வரி: "எண்ணைக் கேட்டீர்கள், எண்ணியவரைக் கேட்கவில்லை." இதற்கு மேல் எனக்கு எந்த விரிவுரையும் தேவைப்படவில்லை.

பழைய மருந்துக்கே திரும்புமாறு மேஸ்திரிக்கு உத்தரவு எழுதிவைத்திருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடு. உலர்த்தி வேண்டாம்.

அண்ணன்


துணை நின்றவனுக்கு நன்றி

தையல் அறை
ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாள் இருபத்தொன்பதாம் தேதியே வந்தது. ஊசிக்கண் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பெரியவர் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, கணக்குதான் கொஞ்சம் கோணல்" என்றாள். மன்னித்தாகிவிட்டது. நீங்கள் மூன்றாம் நாள் நினைத்ததையும் சேர்த்து.

மேஸ்திரிக்கு நீங்கள் எழுதிய உத்தரவை நான் கொடுக்கவில்லை. இரண்டாவது தடவையாக உங்கள் வார்த்தையைத் தட்டுகிறேன், பழகிவிடும் போலிருக்கிறது. காரணம் சொல்கிறேன். அறுவைசிகிச்சை அறையிலிருந்து வருகிற கறை பழைய மருந்துக்கு அசையாது. அதற்காகத்தானே புதியது வாங்கினீர்கள்? தொலைவில் இருந்துகொண்டு "கடுமை" என்றாலும் தப்பு, "மென்மை" என்றாலும் தப்பு. எந்த விரிப்புக்கு எது என்று தொட்டியின் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அவருக்கு இதுவரை மிச்சமான நேரம் மட்டும்தான் தெரிந்தது. கிழிந்தது சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது.

ஆகவே நானும் கணக்கரும் ஓர் ஏற்பாடு செய்தோம். ஜூலை முதல் தேதியிலிருந்து, மருந்தால் நைந்து வருகிற ஒவ்வொரு விரிப்புக்கும் தையல் அறை, செலவைச் சலவைப் பிரிவின் கணக்கில் ஏற்றிப் பற்றுச்சீட்டு எழுதும். தைத்தால் தையல் கூலி. தேறாவிட்டால் முழு விலை. மாதக் கடைசியில் அது மேஸ்திரியின் கணக்கில் செலவாக நிற்கும். மருந்தை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கறை படிந்ததைத் தனியாகப் பிரித்து அதற்கு மட்டும் புது மருந்து போட்டார். மற்றதெல்லாம் பழைய மருந்தில். பதினைந்து நிமிட மிச்சத்தில் ஆறு நிமிடத்தைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டார், கெட்டிக்காரர். கிழிசல் அறுபதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்திருக்கிறது. கணக்கர் இனி "துணித் தேய்மானம்" என்று முழுப்பெயர் எழுதுகிறார்.

இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேற்றைய நாற்பத்தொன்றுக்கும் சீட்டு போயிருந்தது. சிறிது நேரத்தில் மேஸ்திரி ஈரக் கையோடு, ஒரு விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்த அறைக்குள் வந்தார். இத்தனை ஆண்டுகளில் அவரை நான் வாசற்படிக்கு இப்பால் பார்த்ததில்லை.

"என்னம்மா இது? இதையும் என் தலையில எழுதிட்டீங்க? நல்லாப் பாருங்க. நூலு வெந்திருக்கா? நேர் கோடா இழுத்திருக்கு. கட்டில் ஆணிம்மா இது! ஆஸ்பத்திரிக்காரன் கிழிச்சதுக்கு நானா தண்டம் கட்டுவேன்?"

ஊசிக்கண் எழுந்து வந்தாள். "அப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்காதீங்க. குடுங்க இப்படி."

இருவரும் அதை வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப்போய் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தார்கள். அவர் விரலால் தடவிப் பார்த்தார், அவள் ஊசியால் நூலைத் தூக்கிப் பார்த்தாள். மற்ற ஐவரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி ஆணி என்றாள், ஒருத்தி மருந்து என்றாள், ஒருத்தி இரண்டும் என்றாள். கால் மணி நேரம் வாக்குவாதம். மிச்சமான ஆறு நிமிடமும் அதில் போயிற்று; போகட்டும்.

கடைசியில் ஊசிக்கண் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டாள். "ஆணிதான். இந்த ஒண்ணு இவருதில்ல."

அந்த ஒன்றைச் சீட்டிலிருந்து அடித்தேன். மற்ற நாற்பதுக்கும் மேஸ்திரி என் மேசை அருகில் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

தங்கை